சென்னைக் குப்பையும் காயலான் கடையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் சென்னையை வைத்து எழுதப்பட்டது. மதுரை, கோவை, திருச்சி என்று எந்த ஊருக்கும் பெரும்பகுதி பொருந்தும். கடைக்காரர் சொல்லும் பெயர்களும் அன்றைய விலையும்தான் மாறும். விலை எதையும் இங்கே தரவில்லை. பழைய பொருளின் விலை காய்கறி விலை மாதிரி, இன்று எழுதினால் அடுத்த வாரம் பொய்யாகிவிடும்.

காலித் தண்ணீர் பாட்டிலைத் தெருத் தொட்டியில் போட்டால் அது எங்கே போகிறது?

யார் கண்ணில் முதலில் படுகிறது என்பதைப் பொறுத்தது. மாநகராட்சி வண்டி வருவதற்குள், விடிகாலையில் சாக்கோடு ஒருவர் வந்து தொட்டியைக் கிளறிவிட்டுப் போயிருந்தால் பாட்டில் பிழைத்தது. இல்லையென்றால் சாம்பார் சாதத்தோடு சேர்ந்து நசுங்கி, வடசென்னை என்றால் கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்குக்கும் தென்சென்னை என்றால் பெருங்குடிக் கிடங்குக்கும் போய்ச் சேரும்.

பிழைத்த பாட்டிலின் வழி இது. சாக்கு நிறைந்ததும் பக்கத்துப் பழைய பேப்பர் கடையில் எடை போட்டுக் காசு வாங்குகிறார்கள். கடைக்காரர் சில நாள் சேர்த்து மொத்தக் கடைக்கு வண்டி ஏற்றுகிறார். அங்கே மூடியும் லேபிளும் நீக்கி, நிறமில்லாதது தனி, பச்சை தனி என்று பிரித்து, இயந்திரத்தில் அமுக்கிக் கட்டு போடுவார்கள். ஆலையில் அதை நொறுக்கி, காஸ்டிக் சோடா கலந்த வெந்நீரில் கழுவினால் பசையும் அழுக்கும் போகும். பிறகு தண்ணீர்த் தொட்டி. தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் பாட்டில் துண்டின் அடர்த்தி 1.38, தண்ணீரைவிடக் கனம் என்பதால் அடியில் போய் உட்காரும். நீக்காமல் தப்பி வந்த மூடித் துண்டு 0.90 முதல் 0.96 வரை, மிதக்கும். மேலே மிதப்பதை வழித்தெடுத்தால் இரண்டும் தனித்தனி. அப்படிக் கிடைக்கும் துண்டுகளில் பெரும்பங்கு மறுபடி பாட்டிலாவதில்லை. உருக்கி இழையாக இழுக்கப்பட்டு, பாலியஸ்டராகத் தலையணைக்குள்ளும் சட்டைத் துணிக்குள்ளும் போகிறது.

ஒரு சாக்கில் எவ்வளவு எடை தேறும்?

பார்ப்பதற்கு மலை மாதிரி இருக்கும், தராசில் ஒன்றும் இருக்காது. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் சுமார் 20 கிராம். ஒரு கிலோவுக்கு 50 பாட்டில் வேண்டும். நசுக்காமல் போட்டால் 100, 120 பாட்டிலிலேயே பெரிய சாக்கு நிறைந்துவிடும். எடை இரண்டரைக் கிலோவைத் தாண்டாது. அலுமினிய டின் 13 முதல் 15 கிராம். கிலோவுக்கு ஏறத்தாழ 70. அரை லிட்டர் பால் கவர் ஏறக்குறைய இரண்டரை கிராம். தினம் ஒரு பாக்கெட் வாங்கும் வீடு, ஒன்றைக்கூட விடாமல் வருடம் முழுக்கச் சேர்த்தால் ஒரு கிலோ வரும் வராது.

ஆகவே பாட்டிலை நசுக்கிக் கொடுப்பது பெரிய உதவி. மூடி போட்ட பாட்டில் நசுங்காது. மூடியைத் திறந்து, அடியிலிருந்து முறுக்கிக் காற்றை வெளியேற்றி, முறுக்கிய நிலையிலேயே மூடியை மாட்டிவிடுங்கள். திரும்ப உப்பாது, மூடியும் தொலையாது. அதே சாக்கில் மூன்று மடங்காவது அடங்கும். சாக்கு நிறைந்தால் கடைக்கு நடக்க வேண்டும் என்பதால், இது பொறுக்குபவருக்கு நடையை மிச்சப்படுத்தும் வேலை.

சிலதை எடுக்கிறார்கள், சிலதை அப்படியே விட்டுப் போகிறார்களே, ஏன்?

இந்தத் தொழிலைப் புரிந்துகொள்ள இந்த ஒரு கேள்வி போதும். குப்பை பொறுக்குபவருக்கு யாரும் சம்பளம் தருவதில்லை. பொருளை விற்ற காசுதான் கூலி. எடைக்குக் காசு உள்ளது எடுக்கப்படும். காசு இல்லாதது கிடக்கும். தெர்மோகோல் பெட்டியில் 98 சதவீதம் காற்று, சாக்கை அடைத்துக்கொள்ளும், எடை வராது. பிஸ்கட் கவருக்குக் கடையில் விலையே இல்லை. அவர்கள் ‘பொறுப்பில்லாமல்’ விட்டுப் போகவில்லை. அதைக் குனிந்து எடுப்பதற்கு யாரும் காசு கொடுப்பதில்லை, அவ்வளவுதான்.

ஊரைச் சுத்தம் செய்யும் வேலையில் ஒரு பகுதியை அவர்கள் செய்துவிடுகிறார்கள். அந்த எடை அளவுக்கு லாரியும் டீசலும் கிடங்கில் இடமும் மாநகராட்சிக்கு மிச்சம். அந்த மிச்சத்தில் அவர்களுக்கு ஒரு பங்கும் வருவதில்லை.

எந்தப் பிளாஸ்டிக் விலை போகும் என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். அடியில் முக்கோணத்துக்குள் எண் இருக்கும்: 1 பெட் (தண்ணீர் பாட்டில்), 2 எச்டி (கெட்டிப் பாலித்தீன்), 3 பிவிசி (ஒயர் உறை), 4 எல்டி (மெல்லிய பாலித்தீன்), 5 பிபி (பாலிப்ரொப்பிலீன்), 6 பாலிஸ்டைரீன் (தெர்மோகோல்), 7 மற்றவை. ஆனால் கடையில் யாரும் எண்ணைப் பார்ப்பதில்லை, கையும் காதும்தான். பால் கவரை இழுத்தால் சத்தமில்லாமல் நீளும், அது எல்டி. பிஸ்கட் கவரைக் கசக்கினால் மொறமொறவென்று சத்தம் போட்டு, கையை விட்டதும் விரிந்துகொள்ளும், உள்பக்கம் வெள்ளி மாதிரி மின்னும். அது பல அடுக்கு, விலை கிடையாது. ஷாம்பு, பினாயில் பாட்டில்கள் ஒளி ஊடுருவாமல் மெழுகு மாதிரி வழவழப்பாக இருந்தால் எச்டி, நல்ல விலை. ஓட்டலிலிருந்து வரும் மூடி போட்ட டப்பா பெரும்பாலும் பிபி. கறுப்பு டப்பாவும் பிபிதான், ஆனால் கறுப்பை உருக்கினால் கறுப்பு மட்டுமே வரும் என்பதால் விலை குறைவு.

மொத்தக் கடையில் பிரிப்பவர்கள் பயப்படுவது பெட்டோடு பிவிசி கலப்பதற்குத்தான். இரண்டும் தெளிவாகக் கண்ணாடி மாதிரி இருக்கும். இரண்டுமே தண்ணீரில் மூழ்கும் என்பதால் தொட்டியிலும் பிரியாது. பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். அடியின் நடுவில் சின்னப் புள்ளி மாதிரி மேடு இருந்தால் பெட். அடியில் குறுக்கே ஒரு கோடு ஓடினால் பிவிசி. மடித்தால் மடிப்பு வெள்ளையாகும். பெட் உருக 250 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அந்தச் சூட்டில் பிவிசி கருகி அமிலப் புகை விடும். கொஞ்சம் கலந்தாலே முழுத் தொகுதியும் மஞ்சளடித்துக் கரும்புள்ளி விழும். கிடங்கில் ஒரு பெண் தரையில் உட்கார்ந்து நொடிக்கொரு பாட்டிலைத் திருப்பிப் பார்த்து வீசுகிறாரே, அதுதான் ஆலையின் தரக் கட்டுப்பாடு.

எரித்து முகர்ந்து பார்க்கும் சோதனையும் உண்டு. மெழுகுவத்தி வாசனை வந்தால் எல்டி அல்லது எச்டி என்பார்கள். வீட்டில் செய்யாதீர்கள், பிவிசியாக இருந்தால் அந்தப் புகை நேரே நெஞ்சுக்குப் போகும்.

எல்லாவற்றையும் கழுவித்தான் கொடுக்க வேண்டுமா?

சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டியதில்லை. பாத்திரம் கழுவிய கடைசித் தண்ணீரில் ஓர் அலசு, கவிழ்த்து உலர வைத்தால் போதும். பால் கவருக்கு மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். உள்ளே நாலு சொட்டுப் பால் தங்கினால் மறுநாளே நாறும், புழு வரும், பக்கத்தில் இருக்கும் பேப்பரையும் கெடுக்கும். வெட்டும்போது முனையை முழுதாக அறுத்து எறியாதீர்கள். அந்தத் துணுக்கு சாக்கடைக்குத்தான் போகும், யாராலும் பொறுக்க முடியாது. ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்குமாறு வெட்டி, அலசி, கொடியில் ஒரு கிளிப்பில் மாட்டிவிடுங்கள்.

பேப்பர், அட்டைப்பெட்டி?

நனைந்தால் போயிற்று. ஈரப் பேப்பருக்குக் கடைக்காரர் எடையில் கழிப்பார், மழைக்காலத்தில் வாங்கவே யோசிப்பார். அட்டைக் கட்டின் நடுவில் கையை விட்டுப் பார்ப்பது ஈரத்துக்காகத்தான். மடிப்புக் கலையாத செய்தித்தாள் பொட்டலம் மடிக்கவும் போகும் என்பதால் கசங்கியதைவிட விலை கூடுதல். (அதில் பஜ்ஜி மடிப்பதை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016லேயே எச்சரித்தது, பஜ்ஜிக் கடைகள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.) எண்ணெய் ஊறிய அட்டை, உள்ளே பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப், பளபளப்பு ஒட்டிய கல்யாணப் பத்திரிகை ஆகியவை பேப்பர் கணக்கில் வராது. பழச்சாறு வரும் அட்டை டப்பாவில் முக்கால் பங்கு காகிதம், மீதி பிளாஸ்டிக்கும் அலுமினியத் தாளும். அதைப் பிரிக்கத் தனி ஆலை வேண்டும், சாதாரணக் கடை வாங்காது.

கண்ணாடி பாட்டில்?

கனம் அதிகம், காசு குறைவு, கை கிழியும். பீர் பாட்டில் மட்டும் உடையாமல் இருந்தால் கழுவி மறுபடி நிரப்பப் போகும். டாஸ்மாக்கில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பினால் திருப்பித் தரும் திட்டம் 2022ல் நீலகிரியில் தொடங்கிப் பிறகு வேறு மாவட்டங்களுக்கும் வந்தது. எடைக்கு மதிப்பில்லாத பொருளுக்கு எண்ணிக்கையில் விலை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இது நல்ல பாடம். குடித்தவர் காட்டில் வீசினாலும் இன்னொருவர் தேடிப்போய் எடுத்து வருவார். உடைந்த கண்ணாடியை மட்டும் தடித்த பேப்பரில் சுற்றி, மேலே ‘கண்ணாடி’ என்று எழுதித் தனியாகக் கையில் கொடுங்கள்.

ஒயரை எரித்துச் செம்பு எடுப்பது தவறா?

உடம்புக்கும் தவறு, வியாபாரத்துக்கும் தவறு. ஒயரின் மேலுறை பிவிசி. எரித்தால் ஹைட்ரோகுளோரிக் அமில வாயுவும் டயாக்சின் என்ற கொடிய நச்சும் வரும். எரித்த செம்பு கறுத்து, உரித்த செம்பைவிடக் குறைந்த விலைக்கே போகும். ஆனால் மெல்லிய ஒயரைப் பிளேடால் உரிக்க நேரம் பிடிக்கும், எரித்தால் பத்து நிமிட வேலை. அதனால் எரிக்கிறார்கள். சார்ஜர் ஒயர், இயர்போன் முதலியவற்றை வீட்டுக் குப்பையில் போடாமல் மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்தால் அந்த நெருப்பில் ஒன்று குறையும். போன் பேட்டரியும் குப்பைக்குப் போகக்கூடாது. லித்தியம் பேட்டரி வண்டியில் நசுங்கினால் தானே தீப்பிடிக்கும்.

விலை போகாத கவர்களுக்கு வழியே இல்லையா?

இரண்டு வழி நடைமுறையில் இருக்கிறது. ஒன்று சாலை. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் உருவாக்கிய முறை. 2018ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. ஜல்லியைச் சுமார் 160 டிகிரிக்குச் சூடாக்கி, பொடியாக வெட்டிய மெல்லிய பிளாஸ்டிக்கை அதன் மேல் தூவினால் உருகி ஜல்லியைப் பூசிக்கொள்ளும், பிறகு தார். தார் எடையில் ஏறக்குறைய 8 சதவீதம் பிளாஸ்டிக் போகும். இதிலும் பிவிசி கூடாது. மண்ணும் ஈரமும் இருந்தால் ஜல்லியில் ஒட்டாது, ஆகவே இங்கேயும் யாரோ ஒருவர் கையால் பிரித்து உலர்த்த வேண்டும்.

இன்னொன்று சிமெண்ட் ஆலை. அரியலூர்ப் பக்கத்து ஆலைகளின் சூளையில் சூடு 1,400 டிகிரிக்கு மேல் இருக்கும்; நிலக்கரிக்குத் துணையாக இந்தக் கவர்களை எரிக்கிறார்கள். மறுசுழற்சி என்று இதைச் சொல்வது கொஞ்சம் தாராளம். கடலில் கிடப்பதற்கு இது மேல், அவ்வளவே.

குப்பை பொறுக்குபவரும் தூய்மைப் பணியாளரும் ஒருவரேதானா?

இல்லை. தூய்மைப் பணியாளர் மாநகராட்சியிலோ ஒப்பந்தத்திலோ வேலை செய்பவர். வருகைப் பதிவு, சம்பள நாள் உண்டு. பொறுக்குபவருக்கு அந்த இரண்டும் இல்லை. வீடு வீடாகக் காசு கொடுத்து வாங்கிப் போகும் பேப்பர்காரர் மூன்றாவது வகை. அவருக்குக் கையில் முதல் வேண்டும். ‘ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்’ என்று கூவிய காலத்திலிருந்து அவர் இருக்கிறார்.

எப்படிக் கூப்பிடுவது என்று சிலர் தயங்குகிறார்கள். அண்ணா, அக்கா போதும். ‘ஏய் குப்பை’ வேண்டாம்.

சட்டம் அவர்களைப் பற்றி ஏதாவது சொல்கிறதா?

2016ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் குப்பை பொறுக்குபவர் யார் என்று வரையறுத்தன. அவர்களைப் பதிவு செய்து, வீடுகளில் சேகரிக்கும் வேலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று உள்ளாட்சிகளுக்குச் சொல்லின. 2024ல் தூய்மைத் தொழிலாளர்களுக்கான மத்திய அரசின் ‘நமஸ்தே’ திட்டத்திலும் அவர்களைச் சேர்த்தார்கள்: கணக்கெடுப்பு, கையுறை முதலான பாதுகாப்புப் பொருட்கள், ஆயுஷ்மான் பாரத் காப்பீடு.

சட்டம் எழுதும் முன்பே இதை நடத்திக்காட்டிய ஊர் புனே. அங்கே 1993ல் பொறுக்குபவர்கள் சங்கம் அமைத்தார்கள். பிறகு அதிலிருந்து ‘ஸ்வச்ச்’ கூட்டுறவு வந்தது. மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டு வீட்டு வாசலில் குப்பை வாங்குகிறார்கள். வீடு மாதக் கட்டணம் தருகிறது, பொருளை விற்ற காசும் அவர்களுக்கே. வேலைக்கும் காசு, பொருளுக்கும் காசு. பெங்களூரில் 2011 முதல் மாநகராட்சியே அடையாள அட்டை கொடுத்தது. உலர்கழிவு மையங்கள் சிலவற்றை முன்பு தெருவில் பொறுக்கியவர்களே நடத்துகிறார்கள். அடையாள அட்டையின் பலன் காலை நாலு மணிக்குத் தெரியும். சாக்கோடு நடப்பவரைப் போலீஸ் நிறுத்தும்போது காட்ட ஒன்று இருக்கும்.

பிளாஸ்டிக் கம்பெனிகள் காசு தருகின்றன என்கிறார்களே, அது யாருக்குப் போகிறது?

2022ல் வந்த உற்பத்தியாளர் பொறுப்பு நெறிமுறையின்படி, பிளாஸ்டிக் உறையில் பொருள் விற்கும் கம்பெனி தனக்கு விதித்த அளவு மறுசுழற்சி நடந்ததாகச் சான்றிதழ் வாங்க வேண்டும். அந்தச் சான்றிதழ் பதிவு பெற்ற ஆலையிலிருந்து வருகிறது. சாக்கு தூக்கியவர் பெயர் அதில் எங்கும் இல்லை. ஆலை, மொத்தக் கடை, சில்லறைக் கடை என்று கீழே இறங்கி வரவேண்டிய காசு அது. இறங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

கொடுங்கையூர், பெருங்குடியில் பொறுக்குவது தெருவைவிட ஏன் அதிக ஆபத்து?

தெருவில் கிடைப்பது தொட்டிக்குள் இருக்கும்; கிடங்கில் இருப்பது மலை. அங்கே பொறுக்குபவரிடம் கொக்கி வைத்த இரும்புக் கம்பி, இரும்புத் துண்டுக்குக் காந்தம், தலையில் விளக்கு இருக்கும். லாரி கொட்டும்போதே பக்கத்தில் நின்றால்தான் நல்ல சரக்கு, அதே நேரம்தான் வண்டிச் சக்கரமும் பின்னால் வரும். உள்ளே மட்கும் குப்பையிலிருந்து எரியக்கூடிய மீத்தேன் வாயு வருவதால் தீப்பிடித்தால் எளிதில் அணையாது. பெருங்குடியில் 2022 ஏப்ரலில் பிடித்த தீ பல நாள் எரிந்தது. இப்போது இரண்டு இடத்திலும் பழைய குப்பையைத் தோண்டி, உலர்த்தி, சல்லடை போட்டு மண், கல், பிளாஸ்டிக் என்று பிரிக்கிறார்கள். நிலம் மீளும், நல்லதுதான். அந்த மலையை நம்பிப் பிழைத்தவர்களுக்கு அந்தச் சல்லடையிலேயே வேலை கொடுக்கிறோமா என்று முதலில் கேட்டிருக்க வேண்டும்.

எங்கள் அடுக்குமாடியில் 100 வீடு. பொறுக்குபவர்களைச் சேர்த்துக்கொள்ள எப்படி ஆரம்பிப்பது?

முதலில் இடம்: கூரையோடு பத்துக்குப் பத்தடி, தண்ணீர்க் குழாய், விளக்கு. ஆறு சாக்கு போதும்: பேப்பர்-அட்டை, பெட், கெட்டிப் பிளாஸ்டிக், மெல்லிய கவர், உலோகம்-கண்ணாடி, விலை போகாதது. வீடுகளிலிருந்து ஈரக் குப்பை தினமும், உலர் குப்பை வாரம் இரு நாள் மட்டும். தினமும் வாங்கினால் இரண்டும் கலந்துவிடும். டயாப்பர், நாப்கின் பேப்பரில் சுற்றிச் சிவப்பு மையில் குறியிட்டுத் தனியாக வர வேண்டும்.

வேலைக்கு, உங்கள் தெருவில் ஏற்கெனவே பொறுக்குபவரையே கேளுங்கள். வெளியாளை வைத்தால் அவர் பிழைப்பில் கை வைத்ததாகிவிடும். இரண்டு பேர் தேவைப்படும். மாதச் சம்பளம் தனி, பொருள் விற்ற காசும் அவர்களுக்கு. ‘விற்று எடுத்துக்கொள்ளுங்கள், சம்பளம் எதற்கு’ என்று சங்கக் கூட்டத்தில் ஒருவர் கட்டாயம் சொல்வார். அப்படிச் செய்தால் ஆறாவது சாக்கு மூன்றாம் வாரத்திலிருந்து காலியாகவே இருக்கும், அதில் விழ வேண்டியதெல்லாம் படிக்கட்டின் கீழ் சேரும்.

பெரும்பாலும் கெட்டுப்போவது இரண்டாம் மாதம்தான். முதல் மாத ஆர்வம் போய், ஐந்தாறு வீடுகள் ஒரே பையில் கட்டிக் கொடுக்கத் தொடங்கும். அந்தப் பையைத் திரும்ப வாசலில் வைக்கும் அதிகாரம் வேலை செய்பவருக்கு இருக்க வேண்டும், சங்கச் செயலாளர் அவர் பக்கம் நிற்க வேண்டும்.

கடையில் எடையை ஏமாற்றினால் எப்படித் தெரிந்துகொள்வது?

சீல் உடைக்காத ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை வைத்துப் பாருங்கள். 1 கிலோ 20 கிராம் சுற்றி வர வேண்டும். 950 காட்டினால் தராசு சரியில்லை. தொங்கும் சுருள் தராசில் பழைய சுருள் தளர்ந்து போயிருக்கும், கையை அசைத்தே கால் கிலோ மறைக்கலாம். மின் தராசைக் கேளுங்கள். மின் தராசுக்கு வருடம் ஒரு முறை அரசு முத்திரை போட வேண்டும். புகாரைத் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையிடம் கொடுக்கலாம். இன்னொரு பக்கமும் உண்டு: பல கடைக்காரர்கள் பொறுக்குபவருக்கு அவசரத்துக்கு முன்பணம் தருகிறார்கள். அந்தக் கடன் இருக்கும்வரை வேறு கடைக்குப் போக முடியாது, தராசைப் பற்றியும் பேச முடியாது.

ஊசி குத்திவிட்டால் உடனே என்ன செய்ய வேண்டும்?

குத்திய இடத்தைப் பிழியவோ வாயால் உறிஞ்சவோ கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, நேரே அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. 28 நாள் சாப்பிட வேண்டும். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று கேட்பார்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி முன்கூட்டியே போட்டுக்கொள்ள வேண்டியது: முதல் நாள், ஒரு மாதம், ஆறாம் மாதம் என்று மூன்று.

வீட்டில் இன்சுலின் போடுபவர்கள் ஊசியைப் பையில் போடாமல், கெட்டியான பினாயில் பாட்டிலில் சேர்த்து, முக்கால் நிறைந்ததும் மூடியை இறுக்கி டேப் ஒட்டி, ‘ஊசி’ என்று பெரிதாக எழுதி, அபாயக் கழிவாகக் கையில் கொடுங்கள். தண்ணீர் பாட்டில் வேண்டாம். அதை விலைக்குப் போகும் என்று நினைத்து ஒருவர் திறந்து கவிழ்ப்பார்.